ஜி6பிடி குறைபாடு இருந்தால் நோய் எதிர்ப்புச் சக்தியும் குறையுமா?

பெரும்பாலானவர்களுக்குக் குறையாது. அடி வாங்குவது சிவப்பணுதான்.

எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஜி6பிடி ஜீன் அதே பெயருள்ள ஒரு நொதியைத் தருகிறது; அது குறைவதுதான் இந்தக் குறைபாடு. செல்லுக்குள் வரும் குளுக்கோஸில் ஒரு பங்கைத் தனிப்பாதையில் திருப்பி, என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறை உண்டாக்குவது அந்த நொதியின் வேலை. நியூட்ரோஃபில் வெள்ளணு, விழுங்கிய பாக்டீரியாவைக் கொல்ல ஆக்சிஜனை சூப்பராக்சைடாக மாற்றுவது இந்த என்ஏடிபிஹெச்சைச் செலவழித்துத்தான். சிவப்பணு இதை வைத்து, ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் குளுட்டாதயோனைப் புதுப்பித்து ஹீமோகுளோபினைக் காத்துக்கொள்கிறது.

பரவலான வகைகளில் நொதி உருவாகாமல் இல்லை; சீக்கிரம் சிதைந்துவிடுகிறது. நியூட்ரோஃபில் சில நாளில் மடிந்து புதிது வந்துவிடுவதால் அங்கே குறை தெரிவதில்லை. சிவப்பணுவோ உட்கரு இல்லாமல், புது நொதி செய்ய வழியில்லாமல், சுமார் 120 நாள் ஓட்டியாக வேண்டும். அதனால் வயதான சிவப்பணுக்கள்தான் முதலில் உடையும். வெள்ளணுவிலும் நொதி கிட்டத்தட்ட அற்றுப்போகும் அரிய வகைகளில் மட்டும் பாக்டீரியா தொற்று திரும்பத் திரும்ப வரலாம்.

சிவப்பணு உடைப்பைத் தூண்டுபவை: பிரைமாகுயின் (மலேரியா மருந்து), டாப்சோன் (தொழுநோய் மருந்து), ராஸ்புரிகேஸ் (யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்து), ஃபாவா பீன்ஸ், பீரோவில் போடும் நாஃப்தலீன் அந்துருண்டை. காய்ச்சலோடு வரும் தொற்றே போதும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மருந்து தொடங்கி ஓரிரு நாளில் சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால், கண் மஞ்சளித்தால், மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

விவாக்ஸ் மலேரியாவுக்கு வழக்கமான பிரைமாகுயின் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.25 மி.கி., தினமும் 14 நாள். குறைபாடு உள்ளவர்களுக்கு கிலோவுக்கு 0.75 மி.கி. வாரம் ஒருமுறை, 8 வாரம். அதுவும் மருத்துவர் கண்காணிப்பில் மட்டும்.

பரிசோதனையில் ஏமாறும் இடங்களும் உண்டு. சிவப்பணுக்கள் உடைந்த கையோடு எடுத்தால், மிஞ்சியிருப்பவை நொதி நிறைந்த இளம் அணுக்கள் என்பதால் 'நார்மல்' என்றே வரும். சுமார் 3 மாதம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். பெண்களுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் குறை உள்ள அணுவும் இல்லாத அணுவும் கலந்திருக்கலாம். குறை உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும் ஃப்ளோரசன்ட் ஸ்பாட் சோதனை அதைத் தவறவிடலாம், அளவு சொல்லும் சோதனையே மேல்.

சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால், சுமார் மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பணுவின் ஆயுள் குறைந்திருந்தால் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். குளுக்கோமீட்டர் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.