வீடியோ கேமைத் தழுவி எடுத்த தொலைக்காட்சித் தொடர் ஏதேனும் உங்களை மிகவும் ஏமாற்றியிருக்கிறதா? ஏன்?

ஏமாற்றியிருக்கிறது, அதன் பெயர் ‘ஹேலோ’. வேற்றுக்கோள் உயிரினங்களோடு மனிதர்கள் நடத்தும் போரைச் சொல்லும் அதே பெயருள்ள கேமின் தழுவல் அது. 2022 மார்ச் 24 அன்று பாரமவுண்ட் பிளஸ் தளத்தில் தொடங்கி, இரண்டு சீசன்கள் ஓடி, 2024 ஜூலையில் நிறுத்தப்பட்டது. பதினேழு எபிசோடுகளையும் வந்தபோதே பார்த்தேன். கோபத்தோடு எழுதினால் அதில் உள்ள நல்லதைச் சொல்லாமல் விட்டுவிடுவேனோ என்று அஞ்சி, எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவன். 2003இல் லண்டனிலிருந்து வந்த மாமா ஓர் எக்ஸ்பாக்ஸையும், 2001இல் வெளியான முதல் ஹேலோவையும் எங்கள் வீட்டில் விட்டுச் சென்றார். பெரியம்மா மகனான அண்ணனும் நானும் ஒரே தொலைக்காட்சியின் திரையை மேலும் கீழுமாகப் பிரித்துக்கொண்டு விளையாடுவோம். மேல்பாதியில் அண்ணன், கதையின் நாயகனான கவசவீரர் மாஸ்டர் சீஃப். கீழ்ப்பாதியில் நானும் மாஸ்டர் சீஃப். கதையில் ஒருவர்தான் என்றாலும் திரையில் அதே கவசமும் அதே முகமூடியுமாக இருவர் ஓடுவார்கள், இருவரில் யார் உண்மையானவர் என்ற கேள்வி எங்களுக்கு ஒருநாளும் எழுந்ததில்லை. தொடக்கத்தில் துறவிகள் பாடுவதுபோல் ஒலிக்கும் அந்தக் குரலிசையைக் கேட்டுவிட்டு, எந்த சர்ச்சில் பாடுகிறார்கள் என்று ஆயா சமையலறையிலிருந்து கேட்பார்.

ஆயாவின் தகப்பனார் கரும்புத் தோட்டத்து நாள்களில் தெருக்கூத்தில் வேடம் கட்டியவர். கிரீடமும் புஜக்கட்டையும் ஏறிவிட்டால் விடியும்வரை அவர் அர்ச்சுனன்தான் என்றும், வீட்டார்கூட அவரைப் பெயர் சொல்லி அழைக்கமாட்டார்கள் என்றும் ஆயா சொல்லியிருக்கிறார். மாஸ்டர் சீஃபின் தலைக்கவசத்தை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். அது ஒரு முகத்தை மறைப்பதற்காக இருப்பதன்று. கன்ட்ரோலரைக் கையில் எடுக்கும் எவரும் உள்ளே புகுந்துகொள்ளலாம் என்று விட்டுவைத்த இடம் அது. சாட்ஸ்வர்த்துச் சிறுவன் ஒருவனுக்கும் அங்கே இடம் இருந்தது.

தொடரின் முதல் எபிசோடு முடிவதற்குள், குவான் ஹா என்ற பெண்ணின் நம்பிக்கையைப் பெறுவதற்காக மாஸ்டர் சீஃப் அந்தத் தலைக்கவசத்தைக் கழற்றிவிடுகிறார். அன்றிலிருந்து அந்த இடம் பாப்லோ ஷ்ரைபர் என்ற நடிகருடையதாகிவிட்டது. அவர் நல்ல நடிகர். அந்த வேடத்துக்கு உடல், குரல், உழைப்பு எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறார், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. முகமே தெரியாத நாயகனைத் தொலைக்காட்சியில் நெடுநேரம் காட்ட முடியாது என்று சிலர் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். ஆனால் 2019இல் தொடங்கிய ‘தி மேண்டலோரியன்’ தொடரின் நாயகன் மிக அரிதாகவே தலைக்கவசத்தைக் கழற்றினார், உலகமே அவரைப் பின்தொடர்ந்தது.

கதையை மாற்றியதற்காக நான் வருந்தவில்லை. கேமின் கதையிலிருந்து தனித்த ஒரு கதைவழி இது என்று எடுத்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், கூத்திலும் ஊருக்கு ஊர் கதை மாறத்தான் செய்கிறது. என்னால் ஏற்க முடியாதது கோர்ட்டானாவுக்கு நேர்ந்தது. கேமில் அவள் மாஸ்டர் சீஃபின் கவசத்துக்குள் குடியிருக்கும் செயற்கை நுண்ணறிவு. வழிகாட்டுவாள், கேலி செய்வாள், அவன் பேசாத நேரமெல்லாம் அவளே பேசுவாள். 2001இல் தொடங்கிய அந்த நட்பு 2012இல் வந்த நான்காவது ஹேலோவின் முடிவில் அவளுடைய மறைவோடு கலைகிறது. அதற்குச் சற்று முன், ஒளியால் ஆன கையை நீட்டி முதன்முறையாக அவனைத் தொடுகிறாள், அதுவும் கவசத்தின் மேல். பதினொரு ஆண்டுகளில் ஒரே ஒரு தொடுகை. அன்றிரவு அண்ணனும் நானும் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

தொடரிலோ, மாஸ்டர் சீஃபைக் கட்டுப்படுத்துவதற்காகவே விஞ்ஞானி டாக்டர் ஹால்சி அவளை உருவாக்கி அவருடைய தலைக்குள் பொருத்துகிறார். குரல் அதேதான்; முதல் கேமிலிருந்து பேசிவரும் ஜென் டெய்லரே இங்கும் பேசுகிறார், அதனால்தான் வலி கூடுகிறது. தோழியின் குரலில் ஒரு கைவிலங்கு பேசுவதுபோல் இருந்தது. முதல் சீசனின் எட்டாம் எபிசோடில், வேற்றுக்கோள் எதிரிகளால் வளர்க்கப்பட்டு, அப்போது கைதியாக இருந்த மக்கீ என்ற பெண்ணோடு மாஸ்டர் சீஃப் உடலுறவு கொள்கிறார். ஒரே தொடுகைக்காகப் பதினொரு ஆண்டுகள் காத்திருந்த கதையை அறிந்த எவரும் அந்தக் காட்சியை எழுதியிருக்கமாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

தொடர் நன்றாகச் செய்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஆறு வயதில் வீட்டிலிருந்து கடத்தப்பட்டு, 117 என்ற எண்ணோடு போர்க்கருவியாக வளர்க்கப்பட்டவர் ஜான்; அதுதான் மாஸ்டர் சீஃபின் இயற்பெயர். கேமில் போரின் ஓட்டத்தில் பின்னுக்குப் போய்விடும் அந்தக் கொடுமையை, தன் குழந்தைப்பருவத்தைத் தேடிச் செல்லும் ஜானின் வழியாக முதல் சீசன் நின்று பார்த்தது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து 1911 வரை, இங்கே ஒப்பந்தக் கூலிகளாக இறங்கிய ஒவ்வொருவரின் பெயரோடும் ஓர் எண் பதிவேட்டில் ஏறியது. என் முன்னோரும் அப்படி எண்ணோடு இறங்கியவர்களே. ஆகவே அந்தக் காட்சிகளை நான் எளிதில் கடந்துபோகவில்லை.

தென்னாப்பிரிக்காவில் உள்ள ரசிகர்களுக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த நீல் ப்ளோம்காம்ப், பீட்டர் ஜாக்சனின் தயாரிப்பில் ஹேலோவைத் திரைப்படமாக இயக்கவிருந்தார். 2006இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு, மூன்றாவது ஹேலோவின் விளம்பரத்துக்காக அவர் எடுத்த குறும்படங்களை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. அவற்றில் சேறும் புகையும் சாதாரண வீரர்களின் பயமும் இருந்தன. அந்தக் கூட்டணியே பிறகு ஜோகன்னஸ்பர்க்கில் எடுத்து 2009இல் வெளியிட்டதுதான் ‘டிஸ்ட்ரிக்ட் 9’.

இரண்டாவது சீசன் முதலாவதைவிட எவ்வளவோ மேல். மனிதர்களின் முக்கியக் கோளான ரீச் வீழும் நான்காம் எபிசோடில் போர் உண்மையாகவே அச்சுறுத்துகிறது. ஆனால் ஹேலோ கதையின் மிகப் பெரிய தோல்வியான அந்த நாளிலும் மாஸ்டர் சீஃபுக்குக் கவசம் இல்லை. அதை வேறிடம் கொண்டுபோய்விட்டதாகக் கதை எழுதி, அவரைச் சாதாரண உடையில் ஓடவிட்டார்கள்.

முதல் கேமில் ரீச் வீழ்ந்த உடனேயே கதை தொடங்குகிறது. தப்பிவந்த விண்கப்பல், விண்வெளியில் மிதக்கும் ஹேலோ என்ற மாபெரும் வளையத்தைக் காண்கிறது. உயிர்காப்புப் படகு தரையில் மோதி மற்ற அனைவரும் இறந்துகிடக்க, மாஸ்டர் சீஃபும் கோர்ட்டானாவும் மட்டும் படகிலிருந்து புல்வெளிக்கு வருகிறார்கள், தொடுவானத்திலிருந்து அந்த வளையம் வளைந்து வானத்துக்குள் ஏறிப்போகிறது. அந்த இடத்தில் அண்ணன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சும்மா மேலே பார்த்துக்கொண்டிருப்பான். தொடரில் அந்த வளையத்தை மாஸ்டர் சீஃப் எட்டுவது பதினேழாவது எபிசோடில். அதோடு தொடர் முடிந்துவிட்டது. மூன்றாவது சீசன் வந்திருந்தால், இத்தனை குறைகளுக்குப் பிறகும், அந்தப் புல்வெளியில் அவர்கள் இருவரும் தனியாக நடப்பதைப் பார்ப்பதற்காக நான் கட்டாயம் உட்கார்ந்திருப்பேன்.