ஆபரேஷன் தேதி கொடுத்துவிட்டார்கள்... கையெழுத்துப் போடக் கை வரவில்லை

அன்புள்ள மேடத்துக்கு,

எனக்கு வயது 26. திருப்பாதிரிப்புலியூரில் அம்மாவோடும் தம்பியோடும் இருக்கிறேன். அப்பா இல்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் பிரச்சினை என் தாடைதான். கீழ்த்தாடை மேல்தாடையைவிட முன்னால் நீண்டிருக்கும். பள்ளியில் பையன்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'அருவா'. இப்போதும் கடைத்தெருவில் கூடப் படித்தவன் யாராவது எதிரே வந்தால் துப்பட்டாவை வாய் வரைக்கும் இழுத்துக்கொள்கிறேன்.

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் காட்டி, பல்லுக்குக் கிளிப் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. "பல் எல்லாம் தயாராகிவிட்டது. இனி ஆபரேஷன்தான் பாக்கி" என்று சர்ஜன் சொல்லிவிட்டார். தேதியும் கொடுத்தார். நான்தான் ஒவ்வொரு காரணமாகச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். ஆடிட்டிங் சீசன், தம்பி பரீட்சை, சளி, ஜுரம் என்று ஏதாவது ஒன்று. ஒப்புதல் படிவம் கைப்பையிலேயே மடித்தபடி கிடக்கிறது. மடிப்பு கிழியும் நிலைக்கு வந்துவிட்டது.

பயமாக இருக்கிறது மேடம். எலும்பை இரண்டு பக்கமும் பிளந்து பின்னால் நகர்த்தி, டைட்டானியம் தகடு வைத்து ஸ்குரூ முடுக்குவார்களாம். மயக்க மருந்து கொடுத்து எழாமலே போய்விட்டால்? உதடு மரத்துப்போகலாம் என்று படிவத்திலேயே போட்டிருக்கிறார்கள். யூடியூபில் ஒரு பெண் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி அழுகிறாள். அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. புதுச்சேரி பஸ் அரியாங்குப்பம் தாண்டும்போதே வயிறு கலங்க ஆரம்பித்துவிடுகிறது.

வீட்டில் ஆதரவு என்பதே இல்லை. அம்மாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "நல்லாத்தானே இருக்க, இது அவசியமா?" என்று ஒரே கேள்வி. வளையலை அடகு வைத்துப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டார், ஆனால் ஆறுதலாக ஒரு வார்த்தை கிடையாது. பண்ருட்டிப் பெரியம்மா வந்தால் இன்னும் மோசம். "லட்சணமான மூஞ்சியை ஏண்டி அறுத்துக்கிற? ஜாதகம் பொருந்தினா தாடையையா பாக்கப்போறாங்க?" என்கிறார். கல்யாணத்துக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று எல்லோருமே முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் நான் சாப்பிடவே கஷ்டப்படுகிறேன், அது யாருக்கும் தெரியவில்லை. மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் ஒன்றோடொன்று சேராது. சில்வர் பீச்சில் எல்லோரும் சோளக்கதிரைக் கடித்துத் தின்றால், நான் நகத்தால் ஒவ்வொரு மணியாக உதிர்த்து வாயில் போட்டுக்கொள்வேன். பரோட்டாவைக்கூடப் பிய்த்துப் பிய்த்துக் கடைவாய்க்குத் தள்ள வேண்டும்.

கிளிப் போட்டதிலிருந்து தாடை முன்பைவிட அதிகமாக நீட்டிக்கொண்டு தெரிகிறது. அதைக் கேட்டால் "அப்படித்தான் தெரியும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். தினமும் ராத்திரி பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க மனசு விட்டுப்போகிறது. வங்கித் தேர்வில் எழுத்துத் தேர்வு தேறியும், இந்த முகத்தோடு எப்படி என்று நேர்முகத்துக்குப் போகவில்லை. ஆபரேஷன் முடிந்தபின் மறுபடி எழுதிக்கொள்ளலாம். சில சமயம் நினைப்பேன், எல்லாம் நல்லபடியாக முடிந்து தாடையும் சரியாகி, அதன் பிறகும் நான் இப்படியே இருந்தால் எதைக் காரணம் சொல்வது என்று. சரி, அதை விடுங்கள். எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் மயக்க மருந்து ஆபத்தா, உதடு மரத்தால் திரும்புமா, அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது, பெரியம்மா வாயை எப்படி அடைப்பது என்பதுதான். எனக்குத் தைரியம் வர ஒரு வழி சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதிவிட்டு, "சரி, அதை விடுங்கள்" என்று சொல்லியிருக்கிறீர்கள். என்னால் அதை விட முடியவில்லை. தாடை சரியான பிறகும் நான் இப்படியே இருந்தால் எதைக் காரணம் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்களே, உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். மயக்க மருந்துப் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மயக்க மருந்துக்குப் பயந்தவர் மயக்க மருந்து டாக்டரிடம் போய்க் கேட்டிருப்பார். நீங்கள் யூடியூபில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அங்கே பதில் கிடைக்காது, பயம் மட்டும் அப்படியே இருக்கும். அது இருக்கும்வரை தேதியைத் தள்ளலாம். தேதி தள்ளும்வரை அந்தக் கடைசிக் கேள்வியைச் சந்திக்க வேண்டியதில்லை.

வங்கி நேர்முகத்தை எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! இத்தனை பேர் போட்டி போடும் ஒரு தேர்வின் எழுத்துத் தேர்வைத் தாண்டியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே மிகப் பெரிய செய்தி அது. பெரியம்மாவின் பேச்சுக்குக் கொடுத்த இடத்தில் பாதியைக்கூட அதற்குக் கொடுக்கவில்லை. அங்கே உங்களைத் தடுத்தது யார்? அம்மாவா? பெரியம்மாவா? அவர்களுக்கு அது தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். தாடையைக் காட்டி நீங்களே உங்களை நிறுத்திக்கொண்டீர்கள். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே வண்டியில் வீட்டுச் சாமான் மொத்தத்தையும் ஏற்றினால் மாடு நகராது. நீங்கள் இந்த ஆபரேஷன்மேல் ஏற்றியிருக்கிற சுமை அப்படி. வேலை, நேர்முகம், கடைத்தெருவில் நிமிர்ந்து நடப்பது, பள்ளிக்கூடப் பட்டப்பெயரை மறப்பது என்று எல்லாம் அதன் மேல். உலகத்திலேயே சிறந்த சர்ஜன் செய்தாலும் ஒரு தாடை ஆபரேஷனால் முடிந்தது கொஞ்சம்தான். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும், கடிக்க முடியும், முகத்தின் கீழ்ப்பாதி மாறும். அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நேர்முக அறையில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

உங்கள் அம்மா விஷயத்தில் நான் அவர் பக்கம்தான் பேசப்போகிறேன். ஆதரவே இல்லை என்று எழுதிய கையோடு, வளையலை அடகு வைத்துப் பணம் கொடுத்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மேல் என்ன ஆதரவு வேண்டும்? கணவரை இழந்த ஒரு பெண், மகளை மயக்கமாகப் படுக்க வைத்து எலும்பை அறுக்கப்போகிறார்கள் என்று கேட்டால் சிரித்த முகத்தோடு எப்படி இருப்பார்? "இது அவசியமா?" என்பது நியாயமான கேள்வி. அதற்கு நீங்கள் இன்னும் ஒரு பதிலும் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது. சோளக்கதிரை மணி மணியாக உதிர்த்துத் தின்பதை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்களா? யாருக்கும் தெரியவில்லை என்று குறைப்படுகிறீர்கள். துப்பட்டாவால் மறைத்துக்கொண்டே இருந்தால் எப்படித் தெரியும்?

பெரியம்மாவுக்கு ஒரு வரி போதும். அவர் வாயை அடைப்பது உங்கள் வேலை இல்லை, அதற்காக நீங்கள் ஆபரேஷனை ஒத்திப்போடவும் இல்லை.

இப்போது உங்கள் பயங்களுக்கு வருகிறேன். நான் சர்ஜன் இல்லை, ஆனால் இத்தகைய சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இருப்பவர்களோடு பேசுகிறவள் என்பதால் பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். கிளிப் போட்ட பிறகு தாடை அதிகமாக நீட்டிக்கொண்டு தெரிவது உங்கள் கற்பனை இல்லை. தாடை நீண்டிருப்பவர்களுக்கு, அந்தக் குறையை ஈடுகட்டக் கீழ்ப்பற்கள் இயற்கையாகவே உள்பக்கம் சாய்ந்திருக்கும். ஆபரேஷனுக்கு முன்பு கிளிப் அவற்றை நிமிர்த்துகிறது, அதனால் இடைவெளி வெளியே நன்றாகத் தெரிகிறது. அப்புறம் எலும்பை நகர்த்தும்போதுதான் பற்கள் சரியாகப் பொருந்தும். இதை உங்களுக்கு ஒரு வரியில் முடிக்காமல் உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். இதனால்தான் இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் இப்போது நிற்பது பாதி வழியில். ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவெடுத்தால் தாராளமாக எடுங்கள், ஆனால் அதைப் பல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கிளிப்பை வைத்துப் பற்களை வேறு விதமாக ஒழுங்கு செய்ய எந்த அளவுக்கு முடியும் என்று அவர் பார்க்க வேண்டியிருக்கும். ஒன்றும் சொல்லாமல் தேதியை மட்டும் தள்ளிக்கொண்டே போனால், கடிப்பதற்கு ஏற்கெனவே இருந்த கஷ்டமும் அதிகமாகி, ஆபரேஷனும் நடக்காமல் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

உதடு மரத்துப்போவது உண்மையான ஆபத்து. கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஓடும் ஒரு நரம்புதான் கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. எலும்பைப் பிளக்கும்போது அது இழுபடுவதால் ஆபரேஷன் முடிந்தவுடன் மரத்துப்போவது சகஜம். பெரும்பாலோருக்கு வாரங்களிலிருந்து மாதங்களுக்குள் உணர்ச்சி திரும்பிவரும். சிலருக்கு ஓர் ஓரத்தில் கொஞ்சம் மரப்பு நிரந்தரமாகவும் தங்கிவிடும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அது உணர்ச்சிக்கான நரம்பு, உதட்டை அசைக்கும் நரம்பு வேறு. பேசவும் சிரிக்கவும் முடியாமல் போய்விடும் என்று நீங்கள் பயப்படுவதாக இருந்தால், அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வெட்டுவது பெரும்பாலும் வாய்க்கு உள்ளேதான், கன்னத்தில் தழும்பு தெரிவது அரிது. வீக்கம் முதல் 2, 3 நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். பிறகு வாரக்கணக்கில் வடியும், முழுசாக அடங்க மாதங்கள் ஆகும். முதலில் கஞ்சியும் கூழும்தான், சுமார் 6 வாரம் கடினமானதைக் கடிக்கக் கூடாது என்பார்கள். அந்த முதல் வாரங்களில் மனசு சோர்ந்துபோய், "ஏன் இதைச் செய்துகொண்டேன்" என்று அழுகை வருவதும் பலருக்கு நடப்பதுதான். யூடியூபில் அழுத பெண் அநேகமாக அந்த நாட்களில் இருந்திருப்பாள்.

அந்த ராத்திரி போட்டோக்களை நிறுத்துங்கள். முதலில் அதைச் செய்யுங்கள். எவ்வளவு நேரம் அதில் போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் முகத்தையே ஆராய்ந்துகொண்டிருப்பதாக இருந்தால், ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். முகத்தைப் பற்றிய கவலை அந்த அளவுக்குப் பிடித்துக்கொண்டவர்களுக்கு, ஆபரேஷன் அருமையாக முடிந்தாலும் திருப்தி வராமல் போகலாம், கவலை முகத்தின் வேறு ஓர் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். நல்ல சர்ஜன்களே இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கத்தியை எடுப்பார்கள்.

அப்படி இல்லையென்றால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதிப் பாருங்கள். இனி வாழ்நாள் முழுக்க ஒருத்தரும் உங்கள் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச மாட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும், ஒழுங்காகக் கடித்துச் சாப்பிடுவதற்காக மட்டும், இத்தனை வலியையும் கஞ்சியையும் ஏற்றுக்கொள்வீர்களா? உங்கள் கடிதத்தைப் படித்த எனக்கு, ஏற்றுக்கொள்வீர்கள் என்றுதான் தோன்றுகிறது. சோளக்கதிரையும் பரோட்டாவையும் பற்றி எழுதிய வரிகளில் மட்டும் யாரையும் குறை சொல்லாமல், யாருக்கும் விளக்கம் கொடுக்காமல் எழுதியிருக்கிறீர்கள். முகம் அழகாக வேண்டும் என்ற ஆசை இருந்தாலும் தப்பில்லை. அது கூட வரட்டும், முன்னால் நடக்க வேண்டாம்.

பதில் எதுவாக இருந்தாலும் வங்கித் தேர்வுக்கான அடுத்த அறிவிப்பு வந்ததும் விண்ணப்பியுங்கள். ஆபரேஷன் அதற்கு முன்பு வருகிறதா, பின்பு வருகிறதா என்று கணக்குப் போடாதீர்கள். இந்தத் தாடையோடும் இந்தக் கிளிப்போடும் நேர்முகம் வந்தால் இவற்றோடேயே போய் உட்காருங்கள். பயமாக இருக்கும், போங்கள். உங்கள் கடைசி வரிக்கு அங்கே ஓரளவு பதில் கிடைக்கும், எந்த ஆபரேஷன் தியேட்டரிலும் அது கிடைக்காது.

அடுத்த முறை புதுச்சேரிக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மயக்க மருந்து டாக்டரையும் சந்திக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு நேரம் வாங்குங்கள். இரண்டு பேரும் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அம்மாவின் கேள்விகள் முதலில் இருக்கட்டும். ஆறு வாரம் கஞ்சி காய்ச்சித் தரப்போகிறவர் அவர்தான்.