எல்.இ.டி.க்கு எந்த ரெசிஸ்டர்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக 9 வோல்ட் பேட்டரியில் சிவப்பு எல்.இ.டி.யை நேராக வைத்தேன். பளிச்சென்று எரிந்து அணைந்துவிட்டது. ஏன் சார்?

அது போய்விட்டது, வேறு வாங்கிக்கொள்ளுங்கள். குண்டு பல்பில் இழை சூடேறினால் தடையும் கூடும். கரண்ட் ஓர் அளவில் நின்றுவிடும். எல்.இ.டி.க்கு அந்தக் குணம் இல்லை. சிவப்புக்கு ஏறக்குறைய 2 வோல்ட். அதைத் தாண்டிக் கொஞ்சம் கூடினாலே கரண்ட் மடமடவென ஏறும். அதைத் தடுக்கத்தான் ரெசிஸ்டர். 9-இல் 2 போக மீதி 7 வோல்ட். 15 மில்லிஆம்ப் போதும், அதாவது 0.015 ஆம்ப். 7-ஐ அதனால் வகுத்தால் 467 ஓம், அதுதான் தேவையான தடை. கடையில் 470 ஓம் என்று கேளுங்கள்: மஞ்சள், ஊதா, பழுப்புப் பட்டைகள்.

அதே 470 ஓமில் நீலம் எரியுமா?

எரியும். நீலத்துக்கு 3.2 வோல்ட் அளவில் வேண்டும், அதனால் கரண்ட் 12 மில்லிஆம்ப்தான் ஓடும். நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம். அதற்கேற்ற பொருளைப் பக்குவப்படுத்தவே பல ஆண்டுகள் ஆயின. அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ரெசிஸ்டரை நீளக் காலில் வைப்பதா, குட்டைக் காலில் வைப்பதா?

எதிலும் வைக்கலாம். ஒரே பாதை, ஒரே கரண்ட். நீளக் கால் பிளஸ் பக்கம் இருந்தால் சரி.

நாலு எல்.இ.டி.யை பேரலலில் (பக்கம் பக்கமாக) போட்டு ஒரே ரெசிஸ்டர் கொடுத்தேன். ஒன்று மட்டும் அதிகமாக எரிகிறது.

ஒரே பாக்கெட்டில் வந்தாலும் நான்கும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. எது குறைந்த வோல்ட்டில் திறக்கிறதோ அது அதிகக் கரண்டை இழுக்கும். இழுத்தால் சூடாகும், சூடானால் இன்னும் குறைந்த வோல்ட்டில் திறக்கும். முதலில் போவது அதுதான். ஆளுக்கொரு ரெசிஸ்டர் கொடுங்கள்.

பைக்கில் மூன்று வெள்ளை எல்.இ.டி.யை சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டு 120 ஓம் வைத்தேன். 12-இல் ஒன்றுக்கு 3.2 வீதம் 9.6 போக 2.4 வோல்ட், 20 மில்லிஆம்ப். கணக்கு சரிதானே? ஒரு வாரத்தில் கருகிவிட்டது அண்ணா.

தம்பி, வகுத்தது சரி. எடுத்துக்கொண்ட 12 வோல்ட்தான் தப்பு. வண்டி ஓடும்போது மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், 14.4 வரை காட்டும். அப்போது ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 4.8 வோல்ட். நீங்கள் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு, 40 மில்லிஆம்ப்! சப்ளை எவ்வளவு ஏறுமோ, அந்த உச்சத்துக்குத்தான் கணக்குப் போட வேண்டும். மூன்றுக்குப் பதில் இரண்டாக வைத்து 470 ஓம் கொடுத்தால், 14.4-இல் 17 மில்லிஆம்ப், 12-இல் 12. ரெசிஸ்டருக்கு நிறைய வோல்ட் விட்டுவைத்தால் சப்ளை ஆடினாலும் வெளிச்சம் அவ்வளவாக ஆடாது. கால் வாட் ரெசிஸ்டர் தாராளம்.

கொலுவுக்கு 230 வோல்ட்டிலேயே பெரிய ரெசிஸ்டர் போட்டு எரிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். அந்த 230-இன் உச்சம் 325 வோல்ட். ரெசிஸ்டர் அடுப்பாகக் காயும். திறந்து கிடக்கும் கம்பியில் ஒரு குழந்தை கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. நல்ல 12 வோல்ட் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். அதில் மூன்று வெள்ளை எல்.இ.டி.யை சீரிஸில் போட்டால் 150 ஓம் போதும்.