முகம் ஊதுகிறது என்று குளிசையை நிறுத்தலாமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: 22 வயது மகளுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் புண் நோய். பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீரொயிட் குளிசை தொடங்கி ஐந்து வாரம். இரத்தம் போவது நின்றுவிட்டது. ஆனால் எடை 6 கிலோ கூடி, முகம் வட்டமாகிவிட்டது. கண்ணாடியைப் பார்த்து அழுகிறாள். குளிசையை நிறுத்தலாமா?

நிறுத்திவிடாதீர்கள் அம்மா. மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீரொயிட் விழுங்கினால், அதைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி வேலையை மறந்து தூங்கிவிடக்கூடும். திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிருக்கே ஆபத்தாகலாம். வழக்கமாக நாளுக்கு 40 மில்லிகிராமில் தொடங்கி, பிறகு வாரத்துக்கு 5 மில்லிகிராம் வீதம் குறைப்போம். 5 மில்லிகிராம் குளிசை என்றால் உள்ளங்கையில் முதலில் எட்டு, பின்னர் ஏழு, ஆறு. உங்கள் வைத்தியர் தந்த கணக்கைக் கலண்டரில் எழுதி வையுங்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தால் இரவுத் தூக்கம் அவ்வளவாகக் கெடாது. அளவு இறங்க இறங்க முகமும் வற்றும். முழுதாகப் பழைய நிலைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம்.

அந்த 6 கிலோ? நோய்க்கு முன் அவளுடைய எடை என்ன என்று நீங்கள் எழுதவில்லை. வயிற்றால் போய்ப் போய் மெலிந்த பிள்ளை என்றால், அதில் ஒரு பங்கு இழந்ததை மீட்டதுதான். இன்னொரு பங்கு உடலில் தேங்கும் நீர். மீதி பசி. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் மறுபடி சோற்றுப்பானையைத் திறக்கிறாளா? அது மருந்து மூட்டும் பசி. அதற்காக அவளை ஏசாதீர்கள். கருவாட்டையும் ஊறுகாயையும் குறையுங்கள், உப்பு நீரைப் பிடித்து வைக்கும். பாண், பிஸ்கட்டுக்குப் பதில் அவித்த முட்டை, மீன் கொடுங்கள். ஸ்டீரொயிட் எலும்பை மெலியவைக்கும் மருந்து, அதனால் வயிறு ஏற்றால் கல்சியம் உள்ள எருமைத் தயிர் ஒரு சிறு கிண்ணம் நல்லது. பாணி மட்டும் ஊற்ற வேண்டாம். இந்த மருந்தாலேயே இரத்தத்தில் சீனி ஏறக்கூடும். வெறும் வயிற்றுப் பரிசோதனையில் அது தெரியாமலும் போகலாம், பிற்பகலிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த கிளினிக்கில் எடையைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது ஒன்று: இதற்குப் பிறகு எந்த மருந்து? ஸ்டீரொயிட் நோயை அடக்கத்தான். காலமெல்லாம் தடுத்து வைக்க மெசலசீன், அசதையோபிரின் போன்றவை வேறு இருக்கின்றன. அளவைக் குறைக்கும்போதெல்லாம் இரத்தம் திரும்பினால் அதையும் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தாலோ, முன்பு கொப்புளிப்பான் வராத மகள் அந்த நோய் உள்ள வீட்டுக்குப் போய்வந்தாலோ, கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.