குடத்தில் ஒட்டிய பொட்டு

கேள்வி: என் மகன் ஒருமுறை பெங்களூரில் ஏறி, நடுவில் எங்கும் இறங்காமல் சான்பிரான்சிஸ்கோ போனான். இரண்டு ஊருக்கும் வான்வழித் தூரம் தேடினால் சுமார் 14,000 கிலோமீட்டர் என்று காட்டி, கோட்டை மட்டும் சைபீரியாவின் வடகோடி வரை வளைத்துப் போட்டிருக்கிறார்கள். கிழக்கே பசிபிக்கைத் தாண்டினால் நேர்வழிதானே, எதற்கு இந்தச் சுற்று? (வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: சுற்று இல்லை ஆச்சி, அதுதான் குறுக்குவழி. வீட்டில் நல்ல உருண்டைக் குடம் ஒன்று இருக்குமே, அதன் வயிற்றுக்குச் சற்று மேலே இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என ஒரே உயரத்தில் இரண்டு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். ஒரு நூலை வயிற்றோடு சுற்றி இரண்டு பொட்டையும் தொடுகிற மாதிரி பிடித்து, அப்புறம் இழுத்து இறுக்குங்கள். நூல் வயிற்றில் நிற்காது, வழுக்கிக்கொண்டு கழுத்துப் பக்கம் ஏறிவிடும், கையிலும் கொஞ்சம் நூல் மிச்சப்படும். கழுத்துதான் வடதுருவம், மிச்சப்பட்ட நூல்தான் மிச்சப்பட்ட தூரம். சுவரில் மாட்டுகிற தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அதன் மேலேயே பறந்தால் 16,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அந்த வரைபடத்தை நம்பித்தான் நாம் எல்லோருமே ஏமாறுகிறோம், பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு உருண்டையைக் கையில் கொடுத்திருக்கலாம்.

அதற்காக எல்லா விமானமும் கோட்டின் மேலேயே போகும் என்றும் இல்லை, காற்று, வானிலை, எந்த நாடு தன் வானத்தை மூடியிருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து அன்றன்றைக்கு வழியை மாற்றுவார்கள். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இந்தத் தடத்தைத் தொடங்கியபோது, சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூர் வந்த முதல் விமானத்தை முழுக்கப் பெண் விமானிகளே வடதுருவத்தின் மேலாக ஓட்டி வந்தார்கள்.

கேள்வி: தூரம் ஒன்றுதான், அப்படியிருக்க அமெரிக்காவுக்குப் போகிற நேரமும் வருகிற நேரமும் ஏன் ஒன்றாக இல்லை? (வாசகர், தேவகோட்டை)

பதில்: மேலே, பத்து கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு மாதிரி ஓடுகிறது, குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். அதோடு போனால் தள்ளிவிடும், எதிர்த்து வந்தால் பிடித்து இழுக்கும். பசிபிக் பக்கமாகக் கிழக்கே போகிறவர்களுக்கு அது லாபம்.

கேள்வி: திருச்சி–சிங்கப்பூர்? (வாசகர், புதுவயல்)

பதில்: ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர், நாலு மணி நேரம் சொச்சம். கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டி வியாபாரம் பார்க்க, போன அந்தக் காலத்து ஆட்களுக்கு இதே சிங்கப்பூர் கப்பலில் ஒரு வாரப் பயணம். ‘ரஜூலா’ கப்பல் சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆளை ஏற்றி, பினாங்கில் பாதிப் பேரை இறக்கிவிட்டுத்தான் அங்கே போய்ச் சேரும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய தகரப்பெட்டி ஏதாவது கிடந்தால் அதன் மூடியைத் துடைத்துப் பாருங்களேன், ஊர்ப்பெயர் ஏதும் எழுதியிருக்கலாம்.