வால்யூமைக் குறைத்தால் தொனி ஏன் மாறுகிறது?

வாசகர் கேள்வி – பதில்

இசைக்கருவிகளில் ஒலியளவையும் தொனியையும் மின்னணு முறையில் கட்டுப்படுத்துவது குறித்து வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகள் இங்கே தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஒலியளவுக்கு ஒரு குமிழ், தொனிக்கு ஒரு குமிழ் என்று கருவியின் முகப்பில் தனித்தனியாகப் பொருத்தியிருந்தாலும், உள்ளே இருக்கும் சுற்றில் அவை ஒன்றையொன்று எளிதில் விடுவதில்லை. பெரும்பாலான கடிதங்கள் வெவ்வேறு வழிகளில் வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

என் எலெக்ட்ரிக் கிட்டாரில் வால்யூமை 10-லிருந்து 7-க்குக் குறைத்தாலே ஒலி போர்வை போர்த்தியதுபோல் மந்தமாகிவிடுகிறது. தொனிக் குமிழை நான் தொடுவதே இல்லை. வால்யூம் கன்ட்ரோலை மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். மாற்றினால் சரியாகுமா? – ஒரு வாசகர், திண்டுக்கல்

சரியாகாது, குமிழில் பழுது எதுவும் இல்லை. கிட்டாரின் பிக்கப் என்பது, தலைமுடிப் பருமனுள்ள செப்புக் கம்பியைக் காந்தங்களைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றி அமைத்த சுருள். அதில் எழும் சிறிய மின்னழுத்தத்தை வால்யூம் கன்ட்ரோல், அதாவது குமிழுக்கு அடியில் இருக்கும் மாறுமின்தடை, பங்கிட்டு, ஒரு பகுதியை மட்டும் வெளியே அனுப்புகிறது. குமிழ் 10-இல் இருக்கும்போது பிக்கப்பும் கேபிளும் நேரடியாக இணைந்திருக்கின்றன. குறைக்கத் தொடங்கியதும் அவை இரண்டுக்கும் நடுவே ஒரு மின்தடை நுழைந்துவிடுகிறது.

கேபிளின் உள்கம்பிக்கும் அதைச் சுற்றியுள்ள வலைக்கும் இடையே, மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோ ஃபாரட் மின்தேக்குதிறன் இருக்கும். ஆகவே 5 மீட்டர் கேபிளைச் செருகுவது, 500 பிகோ ஃபாரட் கண்டென்சர் (மின்தேக்கி) ஒன்றை கிரவுண்டுக்கு, அதாவது சுற்றின் பொது இணைப்புக்கு, பற்றவைப்பதற்குச் சமம். புதிதாக நுழைந்த மின்தடையும் இந்தக் கண்டென்சரும் சேர்ந்துகொண்டு, நீங்கள் வாங்காத, முகப்பில் குமிழே இல்லாத ஒரு தொனிக் கட்டுப்பாடாகிவிடுகின்றன. 500 கிலோ ஓம் கன்ட்ரோல், மின்தடையின் சரிபாதியில் நிற்கும்போது 125 கிலோ ஓம் தடையாகத் தெரியும். பிக்கப்பின் பங்கைச் சேர்க்காமல் தோராயமாகக் கணக்கிட்டால், 2,500 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ட்ரெபிள், அதாவது உச்ச ஒலிகள், சரியத் தொடங்கிவிடும். 250 கிலோ ஓம் கன்ட்ரோலானால் அந்த எல்லை 5,000 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். லாக் வகைக் கன்ட்ரோலில் (அது என்ன என்பது அடுத்த பதிலில்) அந்தச் சரிபாதி, குமிழின் 7-க்கும் 8-க்கும் அருகில் வருவதால்தான் நீங்கள் 7-இல் மந்தத்தை உணர்கிறீர்கள்.

பரிகாரம் எளிது. வால்யூம் கன்ட்ரோலின் உள்வரும் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே 680 முதல் 1,000 பிகோ ஃபாரட் வரையுள்ள கண்டென்சர் ஒன்றையும், அதற்கு இணையாக 150 கிலோ ஓம் மின்தடை ஒன்றையும் பற்றவைத்தால், ஒலியளவு குறையும்போது ட்ரெபிளுக்கு மட்டும் ஒரு குறுக்குவழி கிடைக்கும். கண்டென்சரை மட்டும் போட்டுவிட்டு மின்தடையை விட்டுவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் குறைந்த வால்யூமில் ஒலி கீச்சென்று மெலிந்துவிடும். குட்டையான கேபிளும் உதவும், ஆனால் அது 10-இல் உள்ள தொனியையும் மாற்றும். பிக்கப்பின் தூண்டல் 2.5 ஹென்றி என்றும், கேபிளும் சுருளும் சேர்ந்து 600 பிகோ ஃபாரட் என்றும் கொண்டால், அவை 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒத்ததிர்ந்து, அந்த அதிர்வெண்ணை மட்டும் ஒரு மேடுபோல் தூக்கிக் காட்டுகின்றன. கிட்டாரின் கணீரென்ற பளபளப்பு எனப்படுவதில் பெரும்பகுதி அந்த மேடுதான். கேபிளைச் சுருக்கினால் மேடு இன்னும் மேலே நகரும். அது பிடிப்பவர்களும் உண்டு, காதில் குத்துகிறது என்பவர்களும் உண்டு.

கன்ட்ரோல் வாங்கப் போனால் 'ஏ'யா, 'பி'யா என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒரே கிலோ ஓம்தானே, என்ன வேறுபாடு? – ஒரு வாசகர், ஈரோடு

மொத்த மின்தடை ஒன்றே. குமிழ் திரும்பும்போது அது எப்படி ஏறுகிறது என்பதில்தான் வேறுபாடு. நம் காது ஒலியைக் கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் அளக்கிறது. ஒலி இருமடங்கு உரக்கக் கேட்பதாகத் தோன்ற வேண்டுமானால், 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் தேவைப்படுகிறது. லீனியர் கன்ட்ரோலைப் பாதிக்குத் திருப்பினால் மின்னழுத்தம் பாதியாகிறது. அது 6 டெசிபல் இறக்கம் மட்டுமே என்பதால், காதுக்கு அது பாதியாகக் கேட்பதில்லை. விளைவாக, குமிழின் மேற்பாதி சும்மா சுற்றுவதுபோலவும், கடைசி இரண்டு எண்களுக்குள் ஒலி திடீரென்று கவிழ்வதுபோலவும் தோன்றும். லாக் கன்ட்ரோல் நடுவில் நிற்கும்போது 10 முதல் 15 சதவீதம் மின்னழுத்தத்தை மட்டுமே விடும்; அதாவது 16 முதல் 20 டெசிபல் இறக்கம். எனவே குமிழின் நகர்வு காதின் கணக்கோடு ஓரளவு ஒத்துப்போகும்.

இன்று பெரும்பாலும் 'ஏ' என்றால் லாக், 'பி' என்றால் லீனியர். ஆனால் பழைய ஐரோப்பியக் கருவிகளில் 'ஏ' என்ற எழுத்தை லீனியருக்கு இட்டிருக்கிறார்கள். ஆகவே எழுத்தை நம்பாமல், குமிழை நடுவில் நிறுத்தி, நடுக்காலிலிருந்து இரு ஓரங்களுக்கும் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் லீனியர். ஒன்று மற்றொன்றைப்போல் பல மடங்காக இருந்தால் லாக்.

தொனிக் குமிழை முழுவதும் திறந்தால் ட்ரெபிள் கூடுகிறதா, அல்லது குறையாமல் இருக்கிறதா? விலையுயர்ந்த கண்டென்சர் போட்டால் ஒலி மேம்படுமா? – ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பேட்டரி இல்லாத கிட்டாரில் எந்தக் குமிழாலும் எதையும் கூட்ட முடியாது. குறைக்க மட்டுமே முடியும். தொனிக் குமிழ் என்பது, ஒரு மின்தடை வழியாகக் கண்டென்சர் ஒன்றை கிரவுண்டுக்கு இணைக்கும் ஏற்பாடு. ஒற்றைச் சுருள் பிக்கப்புகளுக்கு 0.047 மைக்ரோ ஃபாரட், இரட்டைச் சுருளான ஹம்பக்கருக்கு 0.022 என்பது பொது வழக்கம். குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் ட்ரெபிள் போவதோடு மட்டும் நிற்பதில்லை. முன்பு 4,000 ஹெர்ட்ஸில் இருந்த அந்த ஒத்ததிர்வு மேடு, 2.5 ஹென்றி பிக்கப்பில் 0.022-க்கு ஏறக்குறைய 680 ஹெர்ட்ஸுக்கும், 0.047-க்கு 460 ஹெர்ட்ஸுக்கும் இறங்கிவிடுகிறது. மூக்கால் பாடுவதுபோன்ற அந்தத் தனிச் சாயல் அங்கிருந்துதான் வருகிறது.

கண்டென்சரின் விலையைப் பற்றிக் கேட்டால், என் பதில் பலருக்குப் பிடிக்காது. இந்தச் சுற்றில் அதன் மதிப்பு மட்டுமே காதுக்குத் தெரியும். எண்ணெய்க் காகிதம், பாலியெஸ்டர் என்ற பொருள் வேறுபாட்டுக்காகப் பல மடங்கு கொடுப்பதைவிட, அந்தப் பணத்தில் நான்கு வெவ்வேறு மதிப்புகளை வாங்கி மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

உண்மையிலேயே கூட்டவும் குறைக்கவும் வேண்டுமானால் சுற்றுக்குள் ஒரு பெருக்கி வேண்டும். பிரிட்டிஷ் பொறியாளர் பீட்டர் பாக்ஸண்டால் 1952-இல் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் வெளியிட்ட சுற்று, எதிர்ப் பின்னூட்டத்தை, அதாவது வெளியீட்டின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பும் முறையை, பயன்படுத்தி பேஸ் எனும் தாழ்ந்த ஒலிகளையும் ட்ரெபிளையும் தனித்தனியே ஏற்றி இறக்க வழிசெய்தது. குமிழ்கள் நடுவில் நிற்கும்போது அது எதையும் மாற்றாது. இன்றைய ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றிலும், 9 வோல்ட் பேட்டரியோடு வரும் பேஸ் கிட்டார்கள் பலவற்றிலும் இருப்பது அதன் வாரிசுகளே.

வீணை கற்கிறேன். குடத்தில் ஒட்டும் கான்டாக்ட் மைக்கை நேரடியாக மிக்ஸரில் செருகினால் தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்கிறது. பேஸை முழுக்க ஏற்றினாலும் அனுமந்தரம் (மிகத் தாழ்ந்த கம்பி) எழவில்லை, இரைச்சல்தான் எழுகிறது. மைக் தரமற்றதா? – ஒரு வாசகி, கும்பகோணம்

மைக்கின் மீது பழி போட வேண்டாம், அம்மா. இந்த மாதக் கேள்விகளில் இதற்குத்தான் விரிவாக எழுத விரும்புகிறேன். சபாக்களில் வீணையின் நாதம் கெட்டுப்போவதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

கான்டாக்ட் மைக்கின் உள்ளே இருப்பது அழுத்தமின் பண்புள்ள, அதாவது அதிர்வு அழுத்தும்போது மின்னழுத்தம் தரும், ஒரு பீங்கான் வில்லை. மின்னியல் நோக்கில் அது ஒரு கண்டென்சர். மதிப்பு 15 நானோ ஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். மிக்ஸரின் லைன் உள்வாயில் 10 கிலோ ஓம் தடை இருந்தால், இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1,060 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் ஸ்தாயிக்கு 6 டெசிபல் வீதம் வெட்டிவிடும். 3 கட்டையில் சுருதி சேர்த்த வீணையில் அனுமந்தரக் கம்பியின் அதிர்வெண் 62 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். அது அந்த எல்லைக்கு நான்கு ஸ்தாயி கீழே இருப்பதால், இழப்பு ஏறத்தாழ 24 டெசிபல். மிக்ஸரின் பேஸ் குமிழ் வழக்கமாக 15 டெசிபல்தான் ஏற்றித்தரும் என்பதால், அதை முழுக்கத் திருப்பினாலும் கணக்கு நேராகாது. அதோடு, அதே பகுதியில் ஒளிந்திருக்கும் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலும் கூடவே ஏறி வந்துவிடும்.

வீணைக்கும் மிக்ஸருக்கும் நடுவே, 1 மெகா ஓம் அல்லது அதற்கு மேல் உள்வாய்த் தடை கொண்ட ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) ஒன்றையோ, அதே தடையுள்ள ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (கருவியை மிக்ஸருக்குப் பொருந்தச் செய்யும் பெட்டி) ஒன்றையோ வையுங்கள். அதே வில்லை, அதே கணக்கு. வெட்டும் எல்லை மட்டும் 11 ஹெர்ட்ஸுக்குக் கீழே, செவிக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும். கிட்டார் பிக்கப்பைப் போல இங்கே கேபிளின் நீளம் ட்ரெபிளைத் தின்னாது. ஒலியளவு சிறிதே குறையும், அவ்வளவுதான். ஆயினும் இரைச்சல் புகாமலிருக்க ப்ரீஆம்ப் வீணைக்கு அருகில் இருப்பது நல்லது. பேஸ் திரும்பக் கிடைத்த பின்பு, அதுவரை தேவைப்பட்டதாகத் தோன்றிய குமிழ்களையெல்லாம் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டுப் புதிதாகக் கேளுங்கள்.

மின்பெருக்கம் ஒரு கருவியை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு கர்நாடக இசைக் கலைஞர் யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலின் நல்ல சான்று. இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பிகள் கொண்ட மேற்கத்தியக் கருவியை அவர் ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினாக்கிக்கொண்டார். மீட்டியவுடன் மடிந்துவிடும் நாதத்தை ஆம்ப்ளிஃபையர் தாங்கிப் பிடித்ததால், கம்பியை இழுத்து எழுப்பும் நீண்ட கமகங்களுக்கு இடம் கிடைத்தது.

குமிழைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. மண்ணெண்ணெய் விடலாமா? – ஒரு வாசகர், விருதுநகர்

வேண்டாம். மின்னணுப் பாகங்களுக்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனரைச் சிறிது செலுத்தி, குமிழை இருபது முப்பது முறை இரு முனைகளுக்கும் திருப்புங்கள். தூசி என்றால் போய்விடும். மறுநாளே திரும்பி வந்தால் கரித்தடம் தேய்ந்துவிட்டது என்று பொருள், மாற்றுவதே வழி. கன்ட்ரோலைப் புதிதாக மாற்றிய பின்னும் கரகரத்தால், முன்னால் உள்ள கண்டென்சர் கசிந்து நேர்மின்னோட்டம் உள்ளே வருகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கிறேன். வால்யூம் பெடலும் எக்ஸ்பிரஷன் பெடலும் ஒன்றா? ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செருகலாமா? – ஒரு வாசகர், நாகர்கோவில்

ஒன்றல்ல. வால்யூம் பெடலுக்குள் ஒலியே நுழைந்து வெளிவருகிறது. கிட்டாருக்கானது 250 கிலோ ஓம் அளவிலும், கீபோர்டுக்கானது 25 கிலோ ஓம் அளவிலும் இருக்கும். எக்ஸ்பிரஷன் பெடலுக்குள் ஒலி போவதே இல்லை. பாதம் எங்கே நிற்கிறது என்ற செய்தி மட்டுமே கீபோர்டுக்குப் போகிறது.

1935-இல் சந்தைக்கு வந்த ஹாமண்ட் ஆர்கனில் கட்டையை ஓங்கி அழுத்தினாலும் மெல்ல அழுத்தினாலும் ஒலியளவு ஒன்றுதான் என்பதால், ஏற்ற இறக்கம் முழுவதும் வலக்கால் பெடலை நம்பியிருந்தது. அந்த நிறுவனத்தின் பி-3 போன்ற மாடல்களில் பெடலோடு இணைந்திருந்தது கரித்தடம் அல்ல, ஒன்றையொன்று தொடாத தகடுகள் கொண்ட காற்று மாறுமின்தேக்கி. ஆகவே ஆண்டுக்கணக்கில் மிதித்தாலும் கரகரப்பு வருவதில்லை.

மின்னிசைக் கருவிகள் தமக்குள் கட்டளைகளைப் பரிமாறிக்கொள்ள 1983-இல் வந்த மிடி முறையில் 7-ஆம் எண் கட்டளை வால்யூமுக்கும், 11-ஆம் எண் எக்ஸ்பிரஷனுக்கும் உரியவை. இரண்டிலும் 0 முதல் 127 வரை 128 படிகள் உண்டு. பாடகர் குழுவுக்கும் கீபோர்டுக்கும் இடையிலான சமநிலையை 7-இல் ஒருமுறை அமைத்துவிட்டு, பாட்டின் உணர்ச்சிக்கேற்ற ஏற்ற இறக்கத்தை 11-இல் வைத்துக்கொண்டால், பெடலை முழுவதும் மிதித்தாலும் அமைத்த எல்லையைத் தாண்டாது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எக்ஸ்பிரஷன் பெடலின் பிளக்கில் இணைப்பு வரிசை எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றல்ல. தவறானதைச் செருகினால் பெடல் சரியாக இயங்காது, அல்லது முழு அளவும் கடைசி அரை அங்குலத்தில் வந்துவிடும்.

கிட்டாரில் வயலின்போல் ஒலி எழுப்புகிறார்களே, அதற்குத் தனிக் கருவி வேண்டுமா? – ஒரு வாசகர், சேலம்

சுண்டுவிரல் போதும். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துக் கம்பியை மீட்டி, உடனே குமிழை மெல்ல ஏற்ற வேண்டும். மீட்டும் கணத்தின் 'டங்' என்ற தொடக்கம் கேட்காமல் போவதால், அது கிட்டார் என்று அடையாளம் காட்டும் குறியே மறைந்து, வில் போட்டதுபோல் நாதம் ஊறி வருகிறது. தொனிச் சுற்றைத் தொடாமல் ஒலியளவை மட்டும் மாற்றித் தொனியையே மாற்றிவிடும் வித்தை இது. 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வால்யூம் குமிழ் கம்பிகளை ஒட்டியே இருப்பதால் அதில் விரல் எளிதில் எட்டும். குமிழ் தள்ளியிருக்கும் கிட்டார்களில் இதே வேலையை வால்யூம் பெடலால் செய்துகொள்ளலாம். கன்ட்ரோல் இறுக்கமாக இருந்தால் விரல் வழுக்கிவிடும் என்பதால், தளர்வாகச் சுழலும் ஒன்றைத் தேர்ந்து போட்டுக்கொள்ளுங்கள்.