ஒரு மடிக்கணினி, நான்கு டிவி: மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் படம் தெரிய

கேள்வி: பெருந்துறை அருகே மஞ்சள் விவசாயிகளுக்குப் பயிர் நோய் பற்றிய கூட்டம் ஒன்றை ஏற்பாடு செய்கிறோம். சுமார் இருநூறு பேர் வருவார்கள். மண்டபம் நீளமானது, பகல் வெளிச்சத்தில் புரொஜெக்டர் படம் வெளுத்துவிடுகிறது. அதனால் நான்கு டிவிகளை வாடகைக்கு எடுக்க நினைக்கிறோம். என் மடிக்கணினியில் டிவிக்குப் படமும் ஒலியும் அனுப்பும் ஹெச்டிஎம்ஐ துளை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியை வாங்கச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. கணினியை மாற்றவே வேண்டாம். நான்கு டிவியிலும் வெவ்வேறு படம் ஓட வேண்டுமானால்தான் அந்தச் செலவு தேவைப்படும். உங்களுக்கு வேண்டியது ஒரே படம் நான்கு இடத்தில். அதற்கு 'ஒன்றுக்கு நான்கு' ஹெச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர், அதாவது வரும் ஒரு படத்தை நான்கு டிவிக்குப் பிரித்துக் கொடுக்கும் சிறு பெட்டி, போதும். மிச்சமாகும் பணத்தை ஒயருக்கும் மின்சார ஏற்பாட்டுக்கும் ஒதுக்குங்கள். கூட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த இரண்டில்தான்.

கடையில் 'ஸ்பிளிட்டர்' என்றே கேளுங்கள். அதே வடிவத்தில் 'ஸ்விட்ச்' என்று ஒன்று உண்டு. அது பல கருவிகளை ஒரு டிவியில் மாற்றி மாற்றிக் காட்டுவதற்கானது. பெட்டியில் உள்ளே வரும் துளை ஒன்றும் வெளியே போகும் துளை நான்கும் இருக்கின்றனவா, தனி அடாப்டர் தருகிறார்களா என்று பாருங்கள். மின்சாரமே இல்லாமல் இரண்டாகப் பிரியும் மலிவான ஒயரை நம்பாதீர்கள்.

ஸ்பிளிட்டரை இணைத்ததும், நான்கு டிவிகளையும் சேர்த்து ஒரே ஒரு இரண்டாம் திரையாகத்தான் மடிக்கணினி பார்க்கும். இது உங்களுக்கு நல்ல வசதி. விண்டோஸ் பொத்தானுடன் 'பி'யை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுத்தால், பவர்பாயிண்டில் பேச்சாளரின் குறிப்புகள் மடிக்கணினியில் மட்டும் தெரியும். சபைக்குப் படம் மட்டும் போகும். டிவிகளில் ஒன்று மட்டும் பழைய மாடலாக இருந்தால், அதன் தரத்துக்கு மற்ற மூன்றும் இறங்கலாம். சில நேரம் ஒன்றில் மட்டும் படமே வராது. ஆகவே நான்கையும் ஒரே மாடலாகக் கேளுங்கள். கணினியில் 1920 x 1080, 60 ஹெர்ட்ஸ் என்று வைத்துவிடுங்கள். உங்கள் கூட்டத்துக்கு 4கே தேவையில்லை.

ஒயர் நீளம்தான் அடுத்த கவலை. 1080 தரத்தில் சாதாரண ஹெச்டிஎம்ஐ ஒயர் 10 மீட்டர் வரை தொல்லை தராது. 15 மீட்டரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரலாம், அல்லது திரையில் வெள்ளைப் புள்ளிகள் பூக்கலாம். தூரத்து டிவிகளுக்குக் கேட்-6 எனப்படும் நெட்வொர்க் ஒயரில் ஓடும் எக்ஸ்டெண்டர் வாங்குங்கள்: ஸ்பிளிட்டர் பக்கம் ஒரு சிறு பெட்டி, டிவி பக்கம் ஒன்று. 50 மீட்டர் வரை தாங்கும் வகைகள் எளிதாகக் கிடைக்கின்றன. ஒயர் முழுச் செம்பாக இருக்கட்டும். செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம். ஒயரில்லாமல் செல்போன் போல அனுப்பலாமே என்று யாராவது சொல்வார்கள். இருநூறு செல்போன் கூடும் இடத்தில் அந்த யோசனையை நான் ஏற்க மாட்டேன்.

மின்சாரத்தில் கண்டிப்பாக இருங்கள். எல்லா ஒயர்களையும் மாட்டிய பிறகே டிவிகளின் பிளக்கைச் செருகுங்கள். டிவியின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுரீரென்று இருந்தால் எர்த் சரியில்லாமல் இருக்கலாம். எலக்ட்ரீசியன் பார்க்கும்வரை மடிக்கணினியை அதனுடன் இணைக்காதீர்கள். ஹெச்டிஎம்ஐ துளையே கருகிவிடக்கூடும். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடுவதற்குள் மடிக்கணினி பேட்டரியில் தாக்குப்பிடிக்கும், ஸ்பிளிட்டர் அணைந்துவிடும். அதனால் ஸ்பிளிட்டரையும் எக்ஸ்டெண்டர் பெட்டிகளையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். கரண்ட் வந்ததும் தானாக எழாத டிவிகளும் உண்டு. ஒவ்வொரு டிவிக்கும் ரிமோட்டுடன் ஓர் இளைஞரை நிறுத்துங்கள். நான்கும் ஒரே மாடல் என்பதால் ஒரு ரிமோட் பக்கத்து டிவியையும் அணைக்கும். அருகில் நின்று குறிபார்த்து அழுத்தச் சொல்லுங்கள்.

ஒலியை டிவிகளுக்கு விடாதீர்கள். நான்கும் சேர்ந்து பேசினால் எதிரொலிதான் மிஞ்சும். டிவி ஒலியைப் பூஜ்யத்தில் வைத்து, மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து மைக்செட்காரரின் மிக்சருக்கு ஒயர் கொடுங்கள். ஹெச்டிஎம்ஐ மாட்டியதும் விண்டோஸ் ஒலியைத் தானாக டிவி பக்கம் திருப்பிவிடும். கடிகாரத்தின் அருகில் உள்ள ஒலிபெருக்கிச் சின்னத்தை அழுத்தி மாற்றிக்கொள்ளுங்கள்.

எழுத்தை வசதியாகப் படிக்க, படத்தின் உயரத்தைப் போல் ஆறு மடங்கு தூரம் என்பது பொதுவான கணக்கு. 55 அங்குல டிவியின் படம் சுமார் 68 சென்டிமீட்டர் உயரம். அதன் ஆறு மடங்கு சுமார் 4 மீட்டர். உங்கள் வரிசைகள் அதற்கு மேல் நீளும். ஆகவே டிவிகளை மேடையில் குவிக்காமல் பக்கச் சுவர்களில் பாதி தூரத்திலும் வையுங்கள். உட்கார்ந்தவர்கள் தலைக்கு மேல் படம் தொடங்க வேண்டும். பவர்பாயிண்டில் எழுத்தின் அளவு 32-க்குக் குறைய வேண்டாம். ஒரு பக்கத்தில் ஐந்தாறு வரி போதும்.

உங்கள் கூட்டத்துக்கு இன்னொன்றும் முக்கியம். இலைப்புள்ளி நோயில் புள்ளியைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம் தெரியும். டிவியில் 'விவிட்' முறை இருந்தால் பச்சை தூக்கலாகி அந்த வளையம் மங்கிப்போகும். நான்கிலும் 'சினிமா' அல்லது 'ஸ்டாண்டர்ட்' முறை ஒன்றையே வையுங்கள். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் பட அளவை 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' ஆக்குங்கள். முந்தின நாள் மாலையே இதையெல்லாம் மண்டபத்தில் மாட்டி, நோய் தாக்கிய இலைப் படம் ஒன்றை ஓடவிட்டு, மஞ்சள் பயிரிட்ட ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து என்ன நோய் என்று கேளுங்கள். அவர் தயங்கினால் படத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது டிவியை முன்னே நகர்த்துங்கள்.